லார்ப் விதிகளைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? மதுரைப் பக்கம் புதிய ஆட்டம் உருவாக்குவோருக்கான கேள்வி-பதில்

லார்ப் என்றால் என்ன? சோதனை ஆட்டம் என்றால் என்ன?

ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, அதற்கேற்ற உடுப்பில் நடந்து, பேசி, ஓடி விளையாடுவது லார்ப். மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, மனப்பாட வசனமும் இல்லை. பாத்திரம் யார், அதற்கு என்ன வேண்டும் என்பது மட்டும் ஒரு தாளில் இருக்கும். மீதியை ஆடுபவர் பார்த்துக்கொள்வார். சண்டை, திருட்டு, வைத்தியம், காசு என்று நிஜமாகச் செய்ய முடியாதவற்றுக்கு மட்டும் விதிகள் வேண்டும்.

வியர்த்து, மூச்சிரைத்து, பாதி மறந்துபோன நிலையிலும் ஒருவரால் அந்த விதிகளைப் பின்பற்ற முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை ஆட்டம். ஓடும்போது நினைவுக்கு வராத விதி, தாளில் இருந்தாலும் ஆட்டத்தில் இல்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

விளக்கத்துக்காக 'சந்தை நாள்' என்று ஓர் ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். நாயக்கர் காலம், கோட்டை வாசலில் வாரச்சந்தை, 16 பாத்திரங்கள், 3 மணி நேரம். ஒரு பாளையக்காரரின் முத்திரை மோதிரம் காணாமல் போயிருக்கிறது. வியாபாரிகள், காவலர்கள், ஒற்றர்கள், ஒரு வைத்தியர் என எல்லோரும் சந்தைக்குள் இருக்கிறார்கள்.

எழுதி முடித்தவுடன் 16 பேரையும் கூப்பிட்டு ஆடிப் பார்த்தால் என்ன?

ஒன்றும் தெரியவராது. சண்டை விதி சொதப்பினால் காசு விதி நன்றாக இருந்ததா என்று பார்க்கவே வாய்ப்பு வராது. 16 பேரை ஒரே ஞாயிற்றுக்கிழமை சேர்ப்பதும் லேசு இல்லை. அந்த நாளை முதல் முயற்சியிலேயே செலவழிக்க வேண்டாம். நான்கு கட்டமாகப் போவது நல்லது.

முதல் கட்டம் உட்கார்ந்த இடத்தில். 3 அல்லது 4 பேர், ஒரு மணி நேரம். விதியை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் "நான் இப்படிச் செய்தா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரண்படும் விதிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது கட்டம் துண்டுச் சோதனை. சண்டை மட்டும், அல்லது திருட்டு மட்டும். 6 முதல் 8 பேர், மொட்டை மாடி போதும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். பலர் தாண்டிக் குதிக்கும் கட்டமும் இதுதான்.

மூன்றாவது, முழு ஆட்டம். நான்காவது, நீங்கள் இல்லாமல் நடக்கும் முழு ஆட்டம். அதைப் பற்றிக் கடைசியில்.

முழுச் சோதனைக்கு ஆடுபவர்கள் தவிர யார் யார் வேண்டும்?

16 பேர் ஆட்டத்துக்கு ஒரு நடத்துநர், சின்னப் பாத்திரங்களைச் செய்ய 2 துணையாட்கள், பாதுகாப்பை மட்டும் கவனிக்க ஒருவர், குறிப்பெடுக்க 2 பேர். விதியை எழுதியவர் குறிப்பெடுப்பவராக இருப்பது நல்லது; நடத்துநராக இருக்கக் கூடாது. எழுதியவரே நடத்தினால் தாளில் இல்லாததைத் தன்னை அறியாமல் வாயால் சொல்லி நிரப்பிவிடுவார். ஓட்டை தெரியாமலே போய்விடும்.

பாதுகாப்பைக் கவனிப்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். "சும்மாதானே நிக்கிறாரு" என்று அவரிடம் டீ வாங்கிவரச் சொல்லும் நிமிடத்தில்தான் யாராவது வழுக்கி விழுவார்கள்.

16 பேர் பெயர் கொடுத்தால் 16 பேரும் வரப்போவதில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் குறையும். காலண்டரைப் பார்த்துத் தேதி குறியுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களிலும் பொங்கலை ஒட்டிய ஜல்லிக்கட்டு நாட்களிலும் வைக்கவே வேண்டாம். மோதிரத்தைத் திருடியவர் போன்ற, கதையைத் தாங்கும் பாத்திரங்களை உறுதியாக வருபவர்களிடம் கொடுங்கள். வராவிட்டாலும் கதை அறுந்துபோகாத 3 பாத்திரங்களை முன்கூட்டியே அடையாளம் போட்டு வையுங்கள்.

சண்டை விதியில் எதைப் பார்க்க வேண்டும்?

இதில்தான் அதிகம் உடையும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

'சந்தை நாள்' ஆட்டத்தில் இரண்டு விதிகளை ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் விதி: உடம்பில் எங்கே பட்டாலும் ஓர் அடி, 3 அடியில் அவுட். இரண்டாவது: கையில் பட்டால் அந்தக் கையைப் பயன்படுத்தக் கூடாது, காலில் பட்டால் முட்டி போட வேண்டும், நடு உடம்பில் பட்டால் அவுட். தாளில் இரண்டாவதுதான் கவர்ச்சியாகத் தெரியும். மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையிலோ சரளை மண்ணிலோ நான்கு தடவை முட்டி போட வையுங்கள். பத்து நிமிடத்தில் முழங்கால் தேய்ந்து, யாரும் காலில் அடி பட்டதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விதியை மீறுபவர்கள் கெட்டவர்கள் அல்ல, விதி வலிக்கிறது. முட்டி போடுவதற்குப் பதில் 'அந்தக் காலை நகர்த்தக் கூடாது' என்று மாற்றிச் சோதியுங்கள்.

ஒவ்வொரு விதியையும் ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு ஒருவர், மூவருக்கு மூவர் என்று மூன்று விதமாக, விதத்துக்குப் பத்து மோதல் ஆடுங்கள். ஒற்றைக்கு ஒற்றையில் அருமையாக இருக்கும் 3 அடி விதி, இருவர் சேர்ந்து ஒருவரை மடக்கும்போது சில விநாடியில் முடிந்துவிடும். அது உங்கள் கதைக்குப் பொருந்துமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. சந்தையில் காவலர்கள் கூட்டமாக வந்தால் ஒற்றர் ஓட வேண்டும் என்பது கதையானால், வேகமாக முடிவது சரிதான்.

ஒவ்வொரு மோதலுக்கும் மூன்றைக் குறியுங்கள்: எத்தனை விநாடி ஓடியது, எத்தனை முறை தகராறு வந்தது, முடிந்ததும் மூச்சு வாங்கினார்களா. ஒரு நிமிடத்தைத் தாண்டும் சண்டை மதுரை வெயிலில் ஆட்டத்தின் மீதி நேரத்தை விழுங்கிவிடும்.

அடிக்கடி வரும் இரண்டு தகராறுகள் உண்டு. ஒன்று, வாளை ஒரே இடத்தில் வைத்து டப டப என்று தட்டி ஒரு விநாடியில் மூன்று அடி எண்ணுவது. ஒவ்வொரு அடிக்கும் வாள்முனை எதிராளியிடமிருந்து ஒரு முழம் விலகித் திரும்ப வந்தால்தான் கணக்கு என்று வைத்தால் இது தீரும். இன்னொன்று, பட்ட அடியை எண்ணாமல் விடும் அழுகுணி ஆட்டம். பாதி நேரம் இது ஏமாற்று இல்லை. தடித்த உடுப்பு, பரபரப்பு, மெல்லிய அடி என்று பட்டதே தெரிந்திருக்காது. அடி வாங்குபவர் "ஒண்ணு", "ரெண்டு" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தாலே தகராறு வெகுவாகக் குறையும். சொல்லாவிட்டால் அடித்தவருக்கு உடனே தெரிந்துவிடும். அங்கேயே பேசித் தீர்த்துவிடலாம்.

தலை, கழுத்து, கவட்டை, பெண்களுக்கு மார்பு ஆகிய இடங்களில் அடிக்கக் கூடாது என்பது மாற்றிப் பார்க்க வேண்டிய விதி இல்லை. சோதனையிலும் அப்படியே இருக்கட்டும்.

சோதனைக்கு எப்படிப்பட்ட வாள் போதும்?

அழகு வேண்டாம், அடித்தால் வலிக்கக் கூடாது. அரை அங்குல வெள்ளை பிளம்பிங் பிவிசி குழாய் 75 செ.மீ. நறுக்கிக்கொள்ளுங்கள். அதன் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. வரும். ஏசி செப்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை ரப்பர் குழாயில் உள்விட்டம் 22 மி.மீ., சுவர்த் தடிமன் 19 மி.மீ. உள்ளதைக் கேளுங்கள். 13 மி.மீ. தடிமனிலும் கிடைக்கும், அடிக்கும் பகுதிக்கு அது போதாது. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும் என்பதால் நறுக்கிய குழாயைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பிவிசியின் இரு வாயையும் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். நுரைக் குழாய் முனைக்கு அப்பால் குறைந்தது 5 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். அந்த நீட்டத்துக்குள் நுரைத் துண்டை அடைத்து, மேலே ஒரு வட்டத் துண்டை ஒட்டி, துணி டேப் சுற்றுங்கள். பிறகு முனையை உள்ளங்கையில் வைத்து நன்றாக அழுத்துங்கள். உள்ளே குழாய் தட்டுப்பட்டால் அந்த வாள் ஆட்டத்துக்கு ஆகாது.

வயரிங் பைப் வேண்டாம். சுவர் மெல்லியது, உடைந்தால் கூராக நிற்கும். சிலம்பக் கம்பையோ மூங்கிலையோ உள்ளே வைக்கவும் வேண்டாம். அது வளைந்து கொடுக்காது, நுரையைத் தாண்டி எலும்பில் இறங்கும். பிளந்தால் சிலாம்பு வெளியே வரும்.

மே மாதம் காருக்குள் பூட்டி வைத்த வாளை எடுத்துப் பாருங்கள். ஒட்டுப் பசை இளகி முனைத் துண்டு நழுவியிருக்கும், டேப்பின் கோந்து கசிந்து கையில் பிசுபிசுக்கும். வெயிலில் நாள்கணக்காகக் கிடந்த பிவிசி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் ஒரே ஒருவர் எல்லா வாள்களையும் வாங்கி, வளைத்து, முனையை அழுத்தி, தன் தொடையில் நாலு அடி அடித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

அரிவாள் மாதிரி செய்யலாமா? வெள்ளி பெயிண்ட் அடிக்கலாமா?

சோதனைக் கட்டத்தில் வேண்டாம். டூ வீலர் பின்னால் உட்கார்ந்து வெள்ளி பூசிய நுரை அரிவாளைப் பிடித்துக்கொண்டு போனால், பத்தடி தூரத்தில் பார்ப்பவருக்கு அது நுரை என்று தெரியாது. பயப்படுவார், போன் போடுவார். மஞ்சள், ஆரஞ்சு என்று பளிச்சென்ற டேப் சுற்றுங்கள். எடுத்துப் போகும்போது ஜிப் வைத்த பையிலோ கோணிப்பையிலோ கட்டி எடுத்துப் போங்கள். வெளியிடத்தில் ஆடுவதானால் என்ன ஆட்டம், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். அதன் நகல் நடத்துநர் பையில் இருக்கட்டும். பக்கத்துத் தோட்டக்காரர், டீக்கடைக்காரர் இருவரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல நேரம் அதுதான் கடிதத்தைவிட அதிகம் உதவும்.

திருட்டு, வைத்தியம் போன்றவற்றுக்குச் சோழி போடலாமா?

போடலாம், ஆனால் எண்ணிப் பார்த்த பிறகு. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை நாலு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வெள்ளை விழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், 16 விதத்தில் 2 அல்லது அதற்கு மேல் வெள்ளை வருவது 11 விதம், அதாவது 69 சதவீதம். 3 அல்லது அதற்கு மேல் வருவது 5 விதம், 31 சதவீதம். '2 வெள்ளை வந்தால் பிழைப்பார்' என்பதற்கும் '3 வெள்ளை' என்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம். நடுவில் எதுவும் கிடையாது.

அதுவும் கொட்டை நேர்மையாக விழுந்தால்தான். தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. அளவும் ஒன்றுபோல் இருக்காது. சோழிக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக 100 முறை எறிந்து எண்ணுங்கள். வெள்ளை 40-க்குக் கீழே அல்லது 60-க்கு மேலே வந்தால் அந்தக் கொட்டையைத் தூக்கிப் போடுங்கள். பாயில் எறிந்தபோது ஒரு மாதிரி, சிமெண்டுத் தரையில் வேறு மாதிரி விழும். ஆடப்போகும் தரையிலேயே எண்ணுங்கள்.

கல்-காகிதம்-கத்தரி வைத்தால் வெற்றி, தோல்வி, சமம் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு. சமம் வந்தால் திறமைசாலிக்கே வெற்றி என்று வைத்தால் அவருக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். சின்னச் சலுகை என்று நினைத்துக் கொடுப்பது இவ்வளவு பெரிதாகும்.

திருட்டுக்கு இவை எதுவும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கொட்டையை எடுத்து எறிய ஆரம்பித்ததும் திருடப்படுபவருக்குத் தெரிந்துவிடுகிறது, பிறகென்ன திருட்டு? துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எதிராளியின் பைவாரில் அவருக்குத் தெரியாமல் மாட்ட வேண்டும். ஒரு நிமிடம் வரை அவர் கவனிக்காவிட்டால் திருட்டு பலித்தது என்று நடத்துநரிடம் சொல்லலாம். ஆட்டம் நிற்காது. சோதனையில் பார்க்க வேண்டியது: பை எல்லோருக்கும் உடுப்புக்கு வெளியே, இடுப்புக்குப் பக்கவாட்டில் தொங்குகிறதா? கிளிப் மாட்டும் சாக்கில் உடம்பைத் தொட நேர்கிறதா? அப்படி நேர்ந்தால் பைவாரை ஒரு சாண் நீளமாக்குங்கள்.

காசு விதி சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 16 பேருக்கும் ஆளுக்கு 5 காசு கொடுத்தால் சந்தையில் 80 காசு. நாலு நெசவாளிகள் ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு காசு சம்பாதித்தால் மணிக்கு 24, மூன்று மணி நேரத்தில் 72. ஆட்டம் முடியும்போது 152 காசு இருக்கும். காசு வெளியேற வழி இல்லையென்றால் கடைசி ஒரு மணி நேரத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். சுங்கம், வைத்தியக் கூலி, காவலருக்கு அபராதம் என்று திரும்ப நடத்துநர் பெட்டிக்கு வரும் வழிகளை வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியை எண்ணி எழுதுங்கள். யாராவது ஒருவரிடம் மொத்தக் காசில் கால் பங்குக்கு மேல் சேர்ந்தால் அது எப்படி நடந்தது என்று ஆட்டத்துக்குப் பிறகு அவரிடம் கேளுங்கள். விதியில் உங்களுக்குத் தெரியாத குறுக்கு வழி ஒன்றை அவர் கண்டுபிடித்திருப்பார்.

ஆட்டத்தை நடுவில் நிறுத்த என்ன சொல் வைப்பது?

'நில்லு', 'நிறுத்து', 'விடுங்க' எதுவும் ஆகாது. சந்தைக் காவலர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "நில்லுடா" என்று கத்தத்தான் செய்வார். பாத்திரம் எந்தச் சூழலிலும் சொல்லாத சொல் வேண்டும். 'கட்' நல்லது. சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், ஓரசை, தூரத்திலும் கேட்கும். 'பிரேக்' என்பது 'நிறுத்த வேண்டாம், ஆனால் இதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்' என்பதற்கு. இந்த இரண்டும் நார்டிக் நாடுகளின் லார்ப் வழக்கத்திலிருந்து வந்தவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதையும் சோதிக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல், சண்டை உச்சத்தில் இருக்கும்போது துணையாள் ஒருவர் "கட்" என்று கத்தட்டும். கடைசி ஆள் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று விநாடிக்கு மேல் போனால் கேட்டவர் ஒவ்வொருவரும் கையைத் தூக்கித் திரும்பச் சொல்ல வேண்டும் என்று சேருங்கள். தோப்பு பெரிதானால் பாதுகாப்பாளரிடம் விசில் இருக்கட்டும்.

'பிரேக்' சொல்லத்தான் பெரும்பாலோர் தயங்குவார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன் இருவர் இருவராக நின்று, ஒருவர் பொய்க்கோபத்தில் திட்ட, மற்றவர் "பிரேக்" சொல்லிப் பழக வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஒருமுறை வாயில் வந்த சொல் இரண்டாம் முறை தானாக வரும்.

மதுரையில் எங்கே ஆடலாம்?

துண்டுச் சோதனைக்கு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் இருந்தால் மட்டும். முழு ஆட்டத்துக்கு விடுமுறை நாளில் பள்ளி மைதானம் கிடைத்தால் நல்லது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம். கழிப்பறை, தண்ணீர், மின்விசிறி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் பெண்களும் தயக்கமில்லாமல் வருவார்கள். ஆட்டம் நன்றாக அமைவதற்கு இது காட்டைவிட முக்கியம்.

அழகர்கோவில், நத்தம் பக்கம் தோப்பு கிடைத்தால் உரிமையாளர் அனுமதியோடு ஆடலாம். முதல் வேலை கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு, புல் மூடித் தரையோடு தரையாகக் கிடக்கும். பகலிலேயே பத்தடி நெருங்கினால்தான் தெரியும். அதைச் சுற்றி 5 மீட்டர் தள்ளி இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, கயிற்றில் கலர்த் துணி தொங்கவிட்டு, எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டிய பிறகுதான் ஆட்டம். தென்னந்தோப்பானால் நெற்றுக் காய் தொங்கும் மரத்தடியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். கண்மாய் ஓரத்திலும் வைகைப் படுகையிலும் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும், ஷூ கட்டாயம்.

சமணர் மலை, ஆனைமலை போன்ற இடங்கள் பார்த்தவுடன் ஆசை காட்டும். அவை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்கள். வாள் சுழற்றவும் பாறையில் சாக்பீஸ் கோடு போடவும் அங்கே இடமில்லை. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 20 பேர் கத்திக்கொண்டு ஓடினால் அங்கே கூடு கட்டியிருக்கும் பறவைகள் கலையும். இங்கெல்லாம் போய்ப் பாருங்கள், வரைந்துகொள்ளுங்கள், ஆட்டத்தை வேறிடத்தில் வையுங்கள்.

எந்த நேரம்?

மார்ச் முதல் செப்டம்பர் வரை காலை 6.30 முதல் 9.30, இல்லையென்றால் மாலை 4-க்குப் பிறகு. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் வெளியே சோதனையே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மாற்று இடம் கையில் இருக்க வேண்டும். ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து தனியாக ஒரு கேன் இருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் அவர் அவுட். நிழல், ஈரத்துணி, காற்று. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ தாமதிக்காமல் 108.

நாயக்கர் காலக் கதை எடுத்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சாதிப் பெயர், குலப்பட்டம், உண்மையான ஊரின் கோயில் மரியாதை, யாருக்கு முதல் தாம்பூலம் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். இந்தப் பகுதியில் இவை பழங்கதை இல்லை, இன்றைக்கும் சூடான விஷயம். ஆட்டத்தில் ஒருவர் பாத்திரமாகச் சொன்ன வசைச்சொல் வெளியே வந்த பிறகும் நிற்கும். பாளையத்துக்கு இல்லாத ஊர்ப் பெயர் வையுங்கள். தொழிலை வைத்தும் பதவியை வைத்தும் பாத்திரத்தை எழுதுங்கள். முழுச் சோதனைக்கு முன் பாத்திரத் தாள்களை வேறு வேறு ஊர், வேறு வேறு பின்னணி உள்ள மூவரிடம் கொடுத்து, உறுத்தும் சொல்லில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்ததை வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

அவுட் ஆனவர் என்ன செய்வார்?

முதல் இருபது நிமிடத்தில் அவுட் ஆனவர் இரண்டரை மணி நேரம் மரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் அடுத்த சோதனைக்கு வர மாட்டார். ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு அவுட், எத்தனை மணிக்குத் திரும்ப உள்ளே என்று எழுதுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் வெளியே உட்காரக் கூடாது. தூது வந்தவர், வளையல் விற்பவர், குறி சொல்பவர் என்று நாலைந்து தயார் பாத்திரங்களை அரைப்பக்கத் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் "நல்லா இருந்துச்சுண்ணே" என்கிறார்கள். இதை வைத்து என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊரில் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, தன்னைவிட மூத்தவர் கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அது மரியாதை. அதை உடைக்க முயலாமல் சுற்றிப் போங்கள்.

ஆட்டம் முடிந்த உடனே, பேச்சு தொடங்கும் முன், தாளும் பேனாவும் கொடுத்துப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். விதியை எழுதியவர் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றீர்கள்? எந்த விதி மறந்துபோனது? எந்த விதியைத் தெரிந்தே விட்டீர்கள், ஏன்? ஒரு விதியை எடுத்துவிடலாம் என்றால் எதை?

மூன்றாவது கேள்வியின் பதிலை இரண்டு முறை படியுங்கள். 'அண்ணனைப் போய் எப்படி அடிக்கிறதுன்னு விட்டுட்டேன்' என்று ஒரு சின்னப் பையன் எழுதியிருப்பான். தளபதியாக வந்தவர் நிஜத்தில் சின்னவர், காவலாளாக வந்தவர் மூத்தவர் என்றால் அந்தப் படை நகராது. இதற்கு விதி எழுத முடியாது. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் பாத்திரப் பெயரிலேயே, ஒருமையில், அரை மணி நேரம் பேசிப் பழகும் பயிற்சி வைக்கலாம். அதிலும் கூச்சம் போகாதவரை வியாபாரியாக மாற்றிவிடலாம்.

எழுதிய பிறகு பேசுங்கள். உட்கார்ந்து, நிஜப் பெயரைச் சொல்லி, சண்டை போட்டவர்கள் கைகுலுக்கி அரை மணி நேரம். பாத்திரத்தின் கோபத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இருக்க இந்த நேரம் தேவை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இதை வெட்டாதீர்கள்.

குறிப்பு எப்படி எடுப்பது?

ஒரு நோட்டில் நாலு பத்தி: நேரம், நடந்தது, எந்த விதி, யார் கேட்டது. கருத்து எழுத வேண்டாம். "4.20, கிளிப் மாட்டியபின் ஓடலாமா, ஒற்றர்" என்றால் போதும். ஒரே விதியை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டால் அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள். திருப்பி எழுதியும் அடுத்த ஆட்டத்தில் கேட்டால் விதியையே எடுத்துவிடுங்கள். விளக்கம் சேர்ப்பது தவறான மருந்து. தாள் நீளும், படிப்பவர் குறைவார். மொத்த விதியும் ஏ4 தாளின் இரண்டு பக்கத்துக்குள், 12 புள்ளி எழுத்தில் அடங்க வேண்டும்.

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் சண்டை, திருட்டு, காசு என்ற ஒவ்வொரு விதித் தொகுப்பிலும் ஒரு மாற்றம் மட்டும். அடி எண்ணிக்கையையும் வாள் நீளத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

பள்ளி மாணவர்களைச் சேர்க்கலாமா?

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பெற்றோரின் போன் எண், கிளம்பும் நேரம் மூன்றும் முன்கூட்டியே கையில் வேண்டும். பெரியவர்களோடு கலந்து சண்டைச் சோதனை வேண்டாம். யாரையும் கேட்காமல் போட்டோ, ரீல்ஸ் போடக் கூடாது என்பது எல்லா வயதினருக்கும் பொருந்தும்.

எப்போது சோதனையை நிறுத்தலாம்?

வேறு வேறு ஆட்களோடு அடுத்தடுத்து நடந்த இரண்டு முழு ஆட்டங்களில் விதி எதையும் மாற்ற வேண்டி வராதபோது நான்காவது கட்டத்துக்குப் போங்கள். இதுவரை ஆட்டத்தைப் பார்த்தேயிராத ஒருவரிடம் தாள்களையும் பெட்டியையும் கொடுத்து, அவர் ஆட்களை வைத்து அவரே நடத்தட்டும். நீங்கள் போகக் கூடாது. போனிலும் சந்தேகம் தீர்க்கக் கூடாது. குறிப்பெடுக்க மட்டும் ஓர் ஆளை அனுப்புங்கள். அவர்கள் ஆடியது உங்கள் ஆட்டம்தான் என்று குறிப்பைப் படித்து நீங்கள் அடையாளம் கண்டால் விதி தயார். ஏதாவது ஓரிடத்தில் அவர்களாக ஒரு விதியைக் கண்டுபிடித்து ஒட்டியிருந்தால், அது உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நன்றாக இருந்தால் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய விதித்தாள்களை என்ன செய்வது?

ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். பழைய தாளோடு ஒருவரும் புதிய தாளோடு ஒருவரும் நின்று சண்டை போட்டால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும், நடத்துநரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதியைக் குறிப்பு நோட்டோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, மீதியைக் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட பழைய பிடிஎஃப்பையும் மறக்காமல் நீக்குங்கள்.